தில்லையம்மாளின் தெத்துப்பல்

எங்கள் தெருவில் வந்து தில்லையம்மாள் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். தெத்துப்பல் அக்கா வீடு எது என்று கேட்டால் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூடவே வந்து காட்டுவார்.

மேல் வரிசையில், இடது பக்கம், கோரைப்பல் இருக்க வேண்டிய இடத்தில் இடம் போதாமல் அந்தப் பல் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். வரிசையில் நிற்கும் ஒருவர், முன்னால் எவ்வளவு கூட்டம் என்று எட்டிப் பார்ப்பதைப் போல இருக்கும். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சிரித்தால் முதலில் வெளியே வருவது அதுதான். சத்தம் அப்புறம் வரும். அந்தச் சத்தம் தெருமுனை ரேஷன் கடை வரைக்கும் கேட்கும்.

பெண் பார்க்கப் போன அன்று மாணிக்கவாசகம் மாமா பதற்றத்தில் காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டாராம். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த அத்தையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நான் பாத்தது பல்லுதான். மூஞ்சிய கல்யாணத்துலதான் பாத்தேன்" என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார். அவர் பேசுவதே குறைவு. பேசினால் இதைத்தான் பேசுவார்.

அந்தப் பல் போய்விடும் என்று ஒரு நிலைமை வந்தது. 1998ஆம் வருஷம், ஆவணி மாதம். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

முதலில் அத்தையின் வேலையைச் சொல்ல வேண்டும். அவர் பாவு பிணைப்பவர். பட்டுத் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனி தறியிலேயே விடப்பட்டிருக்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, ஒவ்வொரு புது இழையையும் அதற்கு நேரான பழைய இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். முடிச்சுப் போட்டால் சிக்கிக்கொள்ளும், முறுக்குதான். ஆயிரக்கணக்கான இழைகள். தலைமுடியைவிட மெல்லியவை. முறுக்குகிற விரல் கொஞ்சம் ஈரமாகவும் இருக்க வேண்டும், கொஞ்சம் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். அதனால் கட்டைவிரல் நாக்குக்குப் போகும், ஆள்காட்டி விரல் சாம்பலுக்குப் போகும். நாக்கு, சாம்பல், முறுக்கு. நாக்கு, சாம்பல், முறுக்கு. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரைக்கும் இதுதான்.

இப்படி நாள் முழுக்க நக்கிக்கொண்டிருந்தால் வாய் காய்ந்துபோகும். அதற்கும் எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டு. யார் வீட்டுப் பாவோ அவர்கள் ஒரு பித்தளைத் தட்டு வைப்பார்கள். அதில் ஒரு பக்கம் சலித்த சாம்பல், இன்னொரு பக்கம் கற்கண்டு. ஒரு கல்லை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். தட்டு வைக்காத வீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். என் அம்மா கிருஷ்ணவேணியும் அத்தையும் ஜோடியாகப் பிணைக்கப் போகிறவர்கள். எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் அந்தத் தட்டு.

அத்தைக்கு இடது பக்கம் கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. வலித்தது, ஒரு டாக்டரிடம் போனார், பிடுங்கினார்கள். உள்ளே இருக்கிற பல்தானே என்று அவர் கவலைப்படவில்லை. ஆனால் அந்த ஆவணியில் ஒரு நாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது தெத்துப்பல்லும் பக்கத்துப் பல்லும் ஒட்டுகிற இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலை வரைக்கும் சுரீர் என்றது.

"கிருஷ்ணவேணி, இத்தப் பாரேன். அழுக்கா, சொத்தையா?"

அம்மா வாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சொத்த மாதிரிதாங்கா இருக்குது."

"போச்சுடா. இது போயிட்டா அந்த மனுசனுக்கு என்னை அடையாளமே தெரியாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் கையை வாயின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து அம்மா அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

காமாட்சியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு மாடியில் அப்போதுதான் ஒரு பல் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். டாக்டர் பெயர் ஸௌம்யா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண். படித்து முடித்துச் சென்னையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தையும் அம்மாவும் படியேறிப் போனபோது டாக்டர் தானே கதவருகில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"வாங்கோ, வாங்கோ. யாருக்குப் பல்?"

"ரெண்டு பேருக்கும் பல்லு இருக்குதும்மா. எனக்குத்தான் வலி" என்றார் அத்தை.

நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலது பக்கம் எல்லாம் நன்னா இருக்கு. இடது பக்கம் மட்டும் வரிசையா சொத்தை. ஸ்வீட் நெறைய சாப்பிடுவேளா?"

"இனிப்பா? எனக்கு ஆவவே ஆவாது. காப்பிக்கே சக்கர போட மாட்டேன். வேணும்னா இவள கேளு."

"ஆமா டாக்டர். அக்கா கல்யாண வீட்லகூட லட்ட என் எலையிலதான் வெப்பாங்க" என்றார் அம்மா. இரண்டு பேரும் மனதறிந்து உண்மையைத்தான் சொன்னார்கள்.

"பல் எப்படித் தேய்ப்பேள்?"

"பல்பொடிதான். வெரல்ல எடுத்து காலையில ஒரு தபா, ராத்திரி ஒரு தபா."

டாக்டருக்குப் புதிராக இருந்தது. ஒரு சின்னப் புட்டியிலிருந்து சிவப்பு மருந்தைப் பஞ்சில் தோய்த்துப் பற்களின் மேல் தடவினார். கொப்பளிக்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணாடியை அத்தையின் கையில் கொடுத்தார்.

"இப்ப பாருங்கோ. பல்லுல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். கிருமியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு கூடு கட்டிண்ட மாதிரி. அது இருக்கற எடத்துலதான் இந்தச் சிவப்பு ஒட்டும்."

வலது பக்கம் பற்கள் வெளிர் ரோஸ் நிறத்தில் இருந்தன. இடது பக்கம், அதுவும் தெத்துப்பல்லைச் சுற்றி, அரக்குச் சிவப்பு.

"அய்ய! முகூர்த்தப் பொடவ பார்டரு மாதிரி இல்ல இருக்குது!" என்றார் அத்தை.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். பல் ஏறி நிற்பதால் அந்த இடுக்கில் விரல் போகவில்லை, சின்ன பிரஷ் வேண்டும். சொத்தை ஆழமாகப் போய்விட்டது, ஆனால் இன்னும் பல்லின் உயிரைத் தொடவில்லை. சுத்தம் செய்து தற்காலிகமாக மருந்து வைத்து அடைக்கலாம். அந்தப் பல் தாக்குப்பிடித்தால் நிரந்தரமாக அடைத்துவிடலாம். "ஆனா சுத்தி புதுசா சொத்தை வந்துண்டே இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எடுக்கத்தான் வேண்டியிருக்கும்."

"எடுக்கறதுன்ற பேச்சே எடுக்காத டாக்டரம்மா" என்றார் அத்தை. வாயெல்லாம் சிவப்பாக இருந்தாலும் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

கிராம்பு வாசனை அடிக்கிற ஒரு மருந்தை வைத்து அடைத்து அனுப்பினார். அந்தச் சிவப்பு அன்று முழுக்கப் போகாது என்று சொல்ல டாக்டர் மறந்துவிட்டார். தெருவுக்குள் நுழைந்ததுமே, "இன்னாக்கா, வெத்தல போட ஆரம்பிச்சிட்டியா?" என்று ஒருவர். "எங்கயாவது வுழுந்துட்டியா தில்ல?" என்று இன்னொருவர். சாயப்பட்டறை வைத்திருக்கும் நமச்சிவாயம் கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "கலரு நல்லா ஏறியிருக்குதே! எந்தச் சாயம்மா இது?" என்றார். அத்தை நின்று நின்று எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்டி, கிருமி கூடு கட்டும் கதையைச் சொல்லிவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தார். மாமா தறியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார், "நாடகத்துல எதனா வேஷமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

அடுத்து வந்த நாட்களில் அத்தை டாக்டர் சொன்னதை அப்படியே செய்தார். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ் வாங்கினார். தெத்துப்பல்லின் பின்னால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். பேஸ்ட் நுரையைத் துப்பிவிட்டு வந்து அம்மாவிடம், "பளபளன்னு வந்துச்சா?" என்று காட்டுவார். பிறகு இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள். நடுவில் தட்டு. நாக்கு, சாம்பல், முறுக்கு.

புரட்டாசியில் மறுபடி போனபோது டாக்டர் சிவப்பு மருந்தைத் தடவிப் பார்த்தார். பல்லின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. பிரஷ் வேலை செய்திருந்தது. ஆனால் கன்னம் உரசும் வெளிப்பக்கத்தில், ஈறு ஓரமாக, புதிதாக வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பல் கரைய ஆரம்பித்ததற்கு அதுதான் முதல் அடையாளம்.

டாக்டர் சின்ன வயசு. கோபத்தை மறைக்கத் தெரியவில்லை.

"அம்மா, நீங்க என்கிட்ட எதையோ மறைக்கறேள். இனிப்பு இல்லாம இப்படி வராது."

"நான் ஏம்மா பொய் சொல்லப் போறேன்?"

"யாரும் பாக்காதப்ப எடுத்து சாப்பிடறவா நெறைய பேர் இருக்கா. தப்பில்ல. ஆனா டாக்டர்கிட்ட சொல்லணும்."

அத்தை நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். "ஏகாம்பரநாதரு மேல ஆணையா சொல்றேன், நான் இனிப்பு தொட்டதில்ல. திருட்டுத்தனமா திங்கிறவன்னு என்னை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. வா கிருஷ்ணவேணி."

வரும் வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டே வந்தார். இனி அந்த மாடிப்படி ஏற மாட்டேன் என்றார். "பல்லு போனா போவட்டும், மானம் போவக் கூடாது" என்றார். இதைச் சொல்லும்போதே அவர் நாக்கு அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கவனித்தார்.

டாக்டர் முன்பே குறித்துக் கொடுத்திருந்த அடுத்த தேதியில் அத்தை போகவில்லை. மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. டாக்டர் ஸௌம்யா இறங்கினார்.

"தில்லையம்மாள் எந்த வீடு?"

நாலு பேர் யோசித்தார்கள்.

"தெத்துப்பல்" என்று டாக்டர் தன் வாயைத் தொட்டுக் காட்டியதும் ஒரு கூட்டமே அழைத்துக்கொண்டு வந்தது.

அன்று அத்தை வீட்டிலேயே பாவு பிணைக்கிற நாள். மாமாவின் தறியில் மயில்கழுத்து நிறத்தில் புதுப் பாவு. அத்தையும் அம்மாவும் தறிக்கு அருகில் உட்கார்ந்து நாலு விரற்கடை அகலம்கூட முடித்திருக்கவில்லை.

வாசலில் டாக்டரைப் பார்த்ததும் அத்தை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பிடித்திருக்கும் இழை போய்விடும். "வாம்மா" என்றார். குரல் இறுக்கமாக இருந்தது.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்கோ" என்றார் டாக்டர். "நீங்க பொய் சொல்லலைன்னு வெச்சுக்கறேன். அப்ப எனக்குத்தான் ஏதோ புரியலை. ஆஸ்பத்திரில இன்னிக்கு வேலையும் இல்லை. நீங்க நாள் பூரா என்ன பண்றேள்னு பாத்துட்டுப் போறேன். உக்காரலாமா?"

அத்தைக்கு இறுக்கம் அந்த இடத்திலேயே விட்டுப்போனது. யாராவது தன்னைப் பார்க்க வந்துவிட்டால் அவருக்கு அதற்கு மேல் கோபம் நிற்காது. "உக்காரு, உக்காரு. மாமா, அந்த முக்காலிய எடுத்துப் போடு. டாக்டரம்மாவுக்குக் காப்பி போடச் சொல்லட்டுமா?"

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நாக்கு, சாம்பல், முறுக்கு. கை ஓடுகிற வேகத்தில் அவருக்கு இழையே கண்ணில் படவில்லை. "எப்படித் தெரியறது உங்களுக்கு?" என்று கேட்டார். "தெரியாது. வெரலு பாத்துக்கும்" என்றார் அத்தை. வெளியில் ஜன்னலில் தெருவே நின்றது. தில்லையை டாக்டர் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறாள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

வெயில் ஏறியது. காற்றே இல்லை. இழை அலையும் என்பதால் தறி இருக்கும் அறையில் மின்விசிறி போட மாட்டார்கள். டாக்டர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், வாய் காஞ்சிருக்கும்" என்று அத்தை தட்டை அவர் பக்கம் தள்ளினார். "இந்தா, நீயும் ஒண்ணு போட்டுக்க."

பெரியவர் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று டாக்டரும் ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தையும் ஒன்று எடுத்தார். நாக்கால் அதை இடது கன்னத்துக்குள் தள்ளினார். பேச்சு தொடர்ந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவைக்கு வந்த கூட்டம், டாக்டருக்கு வரன் பார்க்கிறார்களா இல்லையா, இப்படி.

கொஞ்ச நேரம் போயிருக்கும். டாக்டர் பேச்சை நிறுத்தினார். தன் வாயில் ஊறும் எச்சிலை விழுங்கினார். அத்தையின் கட்டைவிரல் நாக்குக்குப் போவதைப் பார்த்தார். இடது கன்னத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்தது. தட்டைப் பார்த்தார். மெதுவாகத் தன் வாயிலிருந்த கற்கண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"அம்மா... இது என்ன?"

"எது? இதுவா? கல்கண்டு."

"இது இனிப்பில்லையா?"

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தார்.

"இது பிணைக்கறதுக்கும்மா" என்றார் அத்தை. சாம்பலைக் காட்டி இது எதற்கு என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"யாரு கண்டா? வேல நடக்கிற வரைக்கும். ஒண்ணு கரைஞ்சா ஒண்ணு. நான் இவள மாதிரி கடிச்சித் திங்கிறவ இல்ல. இவ போட்ட ஒடனே நறநறன்னு கடிச்சி முழுங்கிடுவா. நான் ஒரு கல்ல ரொம்ப நேரம் ஓட்டுவேன். சிக்கனம்."

"எப்பவும் இடது பக்கமா?"

"வலது பக்கம் வெச்சிக்கினா எப்படிப் பேசறது?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஜன்னலில் நின்றவர்களுக்கு விஷயம் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்காதவர் அத்தை ஒருவர்தான். அவர் முகம் மெல்ல மாறியது. "அப்போ ஆணையா சொன்னேனே!" என்றார்.

"நீங்க சொன்னது பொய்யில்லம்மா. நான்தான் சரியா கேக்கலை. என்ன சாப்பிடறேள்னு கேட்டேன். வாயில என்ன இருக்குன்னு கேட்டிருக்கணும்."

அங்கேயே அவர் விளக்கிச் சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் அது இப்படி. நம் எல்லோர் வாயிலும் கிருமிகள் இருக்கின்றன. அவை பல்லில் ஒட்டிப் படலம் போல வாழ்கின்றன. நாம் இனிப்பைத் தின்றால் அவையும் தின்கின்றன. தின்றுவிட்டு அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. ஆனால் நம் எச்சில் சும்மா இருப்பதில்லை. அமிலத்தைக் கழுவி, கரைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவிடுகிறது. அதற்கு அரைமணி, ஒரு மணி நேரம் என்று அவகாசம் வேண்டும். கல்யாணத்தில் ஒரே தடவையாக நாலு லட்டு சாப்பிடுகிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது. காலையிலிருந்து மாலை வரைக்கும் கன்னத்தில் கற்கண்டு வைத்திருப்பவருக்குக் கிடைப்பதே இல்லை. என் அம்மா கடித்து விழுங்கியதால் தப்பித்தார். அத்தையின் இடது கன்னத்தில் கிருமிகளுக்கு நாள் முழுக்க விருந்து.

"சிக்கனமா இருந்ததுக்கா இந்தத் தண்டன?" என்றார் அத்தை. அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. கையை எடுத்து வாயை மூடிக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கற்கண்டை விட்டால் பல் தப்பிக்கும், சரி. வேலை?

மறுநாள் அத்தை கற்கண்டு இல்லாமல் உட்கார்ந்தார். வெயில் வருவதற்குள் நாக்கு காய்ந்து அட்டை மாதிரி ஆகிவிட்டது. முறுக்கிய இழை பிரிந்துகொண்டு வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்து விரலைத் தோய்த்துப் பார்த்தார். தண்ணீர் அதிகமாகி இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. மாமா பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கே இது வேலையாகிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. கிராம்பு போட்டுப் பார்த்தார், நாக்கு மரத்துப்போய் இழை பட்டதே தெரியவில்லை. எலுமிச்சைத் துண்டு வைத்துப் பார்த்தார், எச்சில் ஆறாக ஓடியது. ஆனால் புளிப்பும் பல்லைக் கரைக்கும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். நமச்சிவாயம் ஒரு சட்டைப் பித்தானைக் கொடுத்து, "இத்த ஒதுக்கிக்கமா, கரையவே கரையாது" என்றார். அது நன்றாகத்தான் இருந்தது, அம்மா ஏதோ சொல்லி அத்தை சிரிக்கும் வரைக்கும். பித்தான் உள்ளே போய்விட்டது. "பித்தான எப்ப திருப்பிக் குடுக்கப் போறக்கா?" என்று அம்மா கேட்க, அத்தை விக்கிக்கொண்டே இன்னும் சிரித்தார்.

டாக்டர் அடிக்கடி மொபெட்டில் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போவார். பித்தான் கதையைக் கேட்டதும் பயந்துபோனார். "சின்னதா எதையும் போடாதேங்கோ! எச்சில் ஊறணும்னா இனிப்பே வேண்டாம்மா. வாயில ஏதாவது இருந்து மென்னுண்டே இருந்தாலே போதும், தானா ஊறும்."

மெல்ல வேண்டும், கரையக் கூடாது, விழுங்கினாலும் கெடுதல் இல்லை, இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. விடை அத்தையின் அடுக்களையிலேயே இருந்தது. ஒரு நாள் குழம்புக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தவர் முற்றிக் காய்ந்த கொப்பரையிலிருந்து ஒரு சில்லை வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். விரலை நாக்கில் தொட்டுப் பார்த்தார். கத்தியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"கிருஷ்ணவேணி! வெரல தொட்டுப் பாரு! ஊறுது பாரு!"

டாக்டர் கொப்பரையையும் வாங்கிப் பார்த்தார். தானே மென்று பார்த்தார். கற்கண்டோடு பார்த்தால் இதில் கிருமிக்கு அகப்படுவது ரொம்பக் குறைவு என்றார். மென்று முடித்ததும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்றார். ஒரே ஒரு சங்கடம். கொப்பரையின் எண்ணெய்ப் பசை விரலில் ஏறி, முதல் நாள் முறுக்கு வழுக்கியது. அத்தை ஆள்காட்டி விரலில் சாம்பலைக் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டார். சரியாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் போகிற வீட்டுத் தட்டில் சாம்பலுக்குப் பக்கத்தில் கொப்பரைச் சில்லு. கற்கண்டு வைத்துவிட்டால், "இன்னாம்மா, என் பல்லு மேல உனக்கு இன்னா பொறாம?" என்று கேட்டுவிடுவார்.

கார்த்திகையில் டாக்டர் கிராம்பு மருந்தை எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே நிரந்தரமாக அடைத்தார். ஆனாலும் வாக்குறுதி தரவில்லை. "வெள்ளைத் திட்டு பெருசாகாம இருக்கணும். குளிர்ச்சி பட்டா வலிக்காம இருக்கணும். தை மாசம் வாங்கோ, அப்ப சொல்றேன். எடுக்கணுமா வேண்டாமான்னு."

அந்த மார்கழியில் அத்தை தினமும் விடிகாலையில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். வலிக்கிறதா என்று பார்க்க. வாசலில் கோலம் போடுகிற பெண்கள், "இன்னாக்கா?" என்று சைகையில் கேட்பார்கள். அவர் கன்னம் உப்ப, தலையை ஆட்டுவார். இல்லை என்று அர்த்தம். அவர்கள் மறுபடி குனிந்து புள்ளி வைப்பார்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அத்தை, மாமா, அம்மா மூவரும் போனார்கள். மாமா தோளில் ஒரு முழுக் கரும்பு, தோகையோடு. டாக்டருக்குப் பொங்கல் சீர். மாடிப்படியில் தோகை சிக்கிக்கொண்டு அவர் திண்டாடியதில் பாதித் தெரு நின்று வேடிக்கை பார்த்தது.

டாக்டர் சிவப்பு மருந்தைத் தடவினார். கொப்பளிக்கச் சொன்னார். விளக்கைத் திருப்பினார். இரண்டு பக்கமும் ஒரே வெளிர் ரோஸ். கன்னம் உரசும் பக்கத்தை உலர்த்திப் பார்த்தார். வெள்ளைத் திட்டுகள் பெரிதாகவில்லை, மங்கியிருந்தன. காற்றை ஊதினார். அத்தை துள்ளவில்லை. ஒரு கம்பியால் பல்லை மெதுவாகத் தட்டினார்.

"வலிக்கறதா?"

"ஆங்ஆங்."

"அப்படின்னா?"

"இல்லைன்னு சொல்றா" என்றார் மாமா, கரும்பைப் பிடித்தபடி.

டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்தார். "இது எங்கயும் போகாதும்மா. உங்க பல் உங்ககிட்டயே இருக்கும்."

அத்தை எழுந்து உட்கார்ந்தார். பிறகு அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, மாமாவின் கையிலிருந்த கரும்பை வாங்கி, முழங்காலில் வைத்து முறித்தார். துண்டை இடது பக்கமாக வாயில் வைத்தார்.

"அம்மா! இருங்கோ! அதுல வேண்டாம்! அடைச்சது..." என்று டாக்டர் கையை நீட்டுவதற்குள் தெத்துப்பல் கரும்பின் தோலில் இறங்கிவிட்டது. சர்ரென்று ஒரு சத்தம். தோல் நீளமாக, கணுவிலிருந்து கணு வரைக்கும், ஒரே பட்டையாக உரிந்து வந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது பல் இருந்த இடத்தில் இருந்தது. அத்தை உரித்த துண்டை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, உனக்குத்தான். ஒரே தடவையா தின்னுடு. வெச்சி வெச்சி திங்காத."

டாக்டர் வாங்கிக் கடித்தார். மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நாலு பேரும் அந்தச் சின்ன அறையில் நின்று மென்றார்கள். சக்கை போட இடமில்லாமல் டாக்டர் துப்புகிற பீங்கான் தொட்டியையே காட்டினார். வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த அந்த மனிதருக்கு, தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"உள்ள வாப்பா" என்றார் அத்தை, இரண்டு வரிசையும் தெரிய, உதடும் நாக்கும் மருந்துச் சிவப்பாக. "எந்தப் பக்கம் வலிக்குது? வாயில இன்னா வெச்சிக்கினு இருக்க, சொல்லு."